என்னை வெட்டிவிட்டுப் புகைபோக்கியைக் காட்டியவள்

நான் டிவியில் ஒரே ஒரு தடவை வந்திருக்கிறேன். நன்றாகத்தான் வந்தேன். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தேன். சட்டையில் எண்ணெய்க் கறை இருந்த பக்கம் தெரியாதபடி கொஞ்சம் சாய்ந்து நின்றேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு முக்கியமான விஷயத்துக்கு வந்தேன். அதில் பாதி வார்த்தைதான் வெளியே போனது. மீதி இன்றுவரை தொண்டையில் நிற்கிறது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னை அப்படியே வெட்டிவிட்டு, இடிந்து விழுகிற ஒரு புகைபோக்கியைக் காட்டினாள் ஒருத்தி. யாரோ எவளோ இல்லை, என் மனைவியின் சொந்தத் தங்கை. படிக்கிற காலம் முழுவதும் என் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டவள்.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் கேட்டுப் பார்க்கிறேன். "மாமா, செங்கல்லு உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?" என்கிறாள். இது ஒரு பதிலா?

எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் லைவு. எதற்கெடுத்தாலும் லைவ், லைவ் என்று பேசியதால் வந்த பெயர். எனக்குத் தொழில் லாரியில் ஏற்றிய ஜெனரேட்டர். கல்யாணம், மாநாடு, கடைத் திறப்பு, எங்கே கரண்ட் பற்றவில்லையோ அங்கே நான். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஆரம்பத்திலேயே ஒத்துவரவில்லை. அதனால் மச்சினி பல்கலைக்கழகத்தில் படித்ததை அவள் சொன்ன பெயரிலேயே சொல்கிறேன்: ஒளிபரப்புத் தயாரிப்பு.

இந்தப் பெயரைக் கேட்டதும் என் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஆணி, கீல், தாழ்ப்பாள், கயிறு விற்கிற கடைக்காரர். தயாரிப்பு என்றால் அவருக்குப் பிடிக்கும்.

"என்னம்மா தயாரிப்பீங்க?"

"நிகழ்ச்சிப்பா."

"அதைத் தராசுல வைக்கலாமா?"

"வைக்க முடியாதுப்பா."

"முடியாதுல்ல?" என்று என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்க. தராசுல வைக்க முடியாததை எவன் வாங்குவான்?"

"கரண்டைக்கூடத் தராசுல வைக்க முடியாது மாமா. அதை வித்துத்தான் உங்க பெரிய பொண்ணுக்குச் சோறு போடறேன்."

அவர் முறைத்தார். ஆனால் சம்மதித்தார். ஒரு நிபந்தனை. படிப்பு முடிகிற அன்றைக்குக் கையில் ஒரு வேலை இருக்கவேண்டும். இல்லையென்றால் நேராகக் கடைக்கு வந்து கல்லாவில் உட்காரவேண்டும். சொன்னதோடு நிற்கவில்லை மனிதர். சுழல் நாற்காலி ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கல்லாவுக்குப் பின்னால் போட்டுவைத்தார். மகள் கடைக்குப் போகும்போதெல்லாம் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். அது கிறீச்சென்று சுற்றும்.

பல்கலைக்கழகம் எங்கள் வீட்டுக்குப் பக்கம். அதனால் லைவு எங்களோடு இருந்தாள். வீட்டில் இருந்த நிம்மதி போய்விட்டது.

அவர்களுக்கு ஒரு அறை. அதில் சுவர் முழுக்க டிவி. ஒவ்வொரு கேமராவுக்கும் ஒவ்வொன்று. நடுவில் இரண்டு பெரியது: ஒன்றில் இப்போது ஊருக்குத் தெரிகிற படம், இன்னொன்றில் அடுத்து வரப்போகிற படம். இயக்குநர் நாற்காலியில் இருப்பவர் முதலில் நம்பரைச் சொல்லி "ரெடி" என்பார். பிறகு நம்பரைச் சொல்லி "கட்" என்பார். பொத்தானைத் தட்டினால் படம் மாறும். இவ்வளவுதான் விஷயம். இதைப் பழகுவதற்கு எங்களைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தால் என் மனைவி ஒண்ணு, நான் ரெண்டு, என் மகள் மூணு. "ரெண்டு ரெடி… ரெண்டு கட்" என்று கையை நீட்டினால் நான் மட்டும் பேசலாம். மற்றவர்கள் வாயை மூடவேண்டும். என் மனைவிக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாகக் குறுக்கே யாரும் பேசாமல் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்தாளாம்.

"என்னை விட்டு எப்பவுமே கட் பண்ணாதடி," என்பாள். "இன்னும் சொல்லவேண்டியது நிறைய இருக்கு."

நான் குளிக்கப் போனால் லைவு குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, நேரலை தொடங்குமுன் எண்ணுகிற மாதிரி தலைகீழாக எண்ணுவாள். "பத்து… ஒம்பது… எட்டு…" சோப்பு நுரையோடு ஒரு மனிதன் என்ன செய்வான்? சைபர் வருவதற்குள் வெளியே வந்தே பழகிவிட்டேன். இன்றும் வேகமாகத்தான் குளிக்கிறேன்.

அவளோடு படித்ததுகளும் வீட்டுக்கு வரும். ஒருத்தி வாயே திறக்கமாட்டாள். ஸ்டுடியோவுக்குள் சத்தம் கூடாதாம். கைஜாடையிலேயே எல்லாரையும் நடத்துகிற வேலைக்குப் படித்தாள். எங்கள் வீட்டில் இன்னொரு கரண்டி சாப்பாடு வேண்டும் என்றாலும் விரலைச் சுழற்றித்தான் கேட்பாள். போதும் என்பதற்குக் கழுத்தை அறுக்கிற மாதிரி காட்டுவாள். என் மனைவி முதல்நாள் பயந்துபோய்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். இன்னொருத்தன் ஒலிக்காரன். நான் தூங்கும்போது மைக்கைக் கொண்டுவந்து என் குறட்டையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். ஏதோ நாடகத்தில் கரடிக்குப் போட்டானாம். "கரடி இயற்கையா இருக்குன்னு வாத்தியார் பாராட்டினாரு அண்ணே," என்று இனிப்பு வேறு கொடுத்தான்.

அடுத்த வருஷம் அவர்களே ஒரு நேரலை நடத்திக் காட்டவேண்டிய பரீட்சை வந்தது. பல்கலைக்கழக விளையாட்டு விழா. மைதானத்தில் கரண்ட் பற்றாது என்று என்னைக் கூப்பிட்டார்கள். குடும்பத்து வேலை என்று லாரியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கரண்டில் ஏதாவது கோளாறு என்றால் உடனே சொல்லவேண்டுமே, அதனால் என் காதிலும் ஒரு ஹெட்போனை மாட்டினார்கள். இயக்குநர் பேசுகிறதெல்லாம் எனக்கும் கேட்டது.

ஓட்டப்பந்தயம் தொடங்கியது. லைவு அழகாகச் சொல்லிக்கொண்டு போனாள். "மூணு ரெடி." நானும் ரசித்துக்கொண்டிருந்தேன். ஓடுகிறவர்கள் கோட்டை நெருங்கிவிட்டார்கள். அவள் உற்சாகத்தில் நம்பரை முழுங்கிவிட்டு, என் காது கிழிகிற மாதிரி "கட்!" என்றாள்.

மீசை முளைத்ததிலிருந்து நான் இந்த வேலையில் இருக்கிறேன். எங்கள் தொழிலில் யாராவது "கட்" என்று கத்தினால் எவனையோ ஷாக் அடிக்கிறது, இல்லை எங்கோ தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. கை தானாகப் போனது. அணைத்துவிட்டேன்.

மைதானமே செத்துப்போனது. எல்லாப் படமும் போய்விட்டது. அந்தப் பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று டிவியில் பார்த்தவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

லைவு தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "மாமா! யாரு உங்களை நிறுத்தச் சொன்னது?"

"நீதானே கட்டுன்னே?"

"அது கேமராவுக்கு மாமா!"

"கேமராவுக்குன்னா கேமராகிட்டச் சொல்லு. என் காதுல வந்து எதுக்குச் சொல்றே?"

பின்னால் வந்த அவளுடைய வாத்தியார் சிரித்த சிரிப்பில் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் குற்றம் சொல்கிறார்கள். என் கட்சி அன்றும் இன்றும் ஒன்றுதான்: கட் என்றால் கட்.

மறுநாள் காலையில் லைவு பல் தேய்த்துக்கொண்டே வந்தாள். "மாமா, உங்க தொழில்ல 'போடு'ன்னா என்ன பண்ணுவீங்க?"

"மெஷினைப் போடுவேன்."

"அது ஏற்கெனவே ஓடிக்கிட்டிருந்தா?"

"ஓடிக்கிட்டிருக்கிறதை எப்படிடி மறுபடி போடறது? சும்மா நிப்பேன்."

"அதான் வேணும்!" என்று பிரஷ்ஷோடு ஒரு குதி குதித்தாள். அன்றிலிருந்து அவளுக்குக் கட் கிடையாது. ஒண்ணு ரெடி, ஒண்ணு போடு. வகுப்பில் முதலில் சிரித்தார்களாம். பிறகு "போடு"வைக் கத்துவதற்குத்தான் வாய்க்குச் சுகமாக இருக்கிறது என்று எல்லாரும் அதற்கே மாறிவிட்டார்கள்.

கடைசி வருஷம் ஒரு டிவி நிலையத்தில் பயிற்சிக்குப் போட்டார்கள். அவளைப் போல இன்னும் சிலர். இவர்களில் ஒருவரைத்தான் வேலையில் வைத்துக்கொள்வோம் என்று நிலையத்துப் பெரியவர் முதல்நாளே சொல்லிவிட்டார். லைவு கம்பி சுருட்டினாள், டீ வாங்கிவந்தாள், கேமராக்களுக்கு நம்பர் ஒட்டினாள். கடைசியில் இயக்குநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலைகீழாக எண்ணுகிற வேலைக்கு வந்து சேர்ந்தாள். என் குளியலறையில் பழகியது வீண்போகவில்லை. அந்த இயக்குநருக்குப் பட்டப்பெயர் சங்கு. அவர் கத்தினால் ஹெட்போன் இல்லாமலே கேமராக்காரர்களுக்குக் கேட்கும்.

படிப்பு முடியப்போகிற சமயம். கடையில் நாற்காலி கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மூடிக்கிடந்த காகித ஆலையின் புகைபோக்கியை வெடிவைத்துத் தகர்க்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஊரே மொட்டைமாடியில் ஏறிவிட்டது. எல்லா டிவிக்காரர்களும் வந்தார்கள். லைவு வேலை பார்த்த நிலையத்துக்கு என் லாரி. சிபாரிசு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் அவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வேறு யாரிடமும் கிடையாது.

காலை ஒத்திகையிலேயே சங்கு கத்தித் தீர்த்துவிட்டார். ஒளிபரப்பு தொடங்குகிற நேரத்தில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டியூபிலிருந்து காற்று இறங்குகிற சத்தம். அவர் லைவுவின் காதில் புஸ்புஸ் என்று சொல்ல, அவள் அதைக் கேமராக்காரர்களுக்குச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பறவை பறந்திருக்கும், குழந்தை கொட்டாவியை முடித்திருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தார் சங்கு. எழுந்தார். தன் நாற்காலியைக் காட்டினார். அவள் நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு எண்ண ஆரம்பித்தார், விரலால். இதெல்லாம் நிலையத்தின் ஒளிபரப்பு வேனுக்குள் நடந்தது. எனக்கு வழக்கம்போல ஹெட்போனில் கேட்டது. அதுவரை சங்கு சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்த என் மச்சினி தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இனிமே நான்தான். யாரும் பயப்படாதீங்க, எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஒண்ணு ரெடி. ஒண்ணு போடு."

வெடித்தது. தரை ஒரு தடவை தூக்கிப்போட்டது. புழுதி எழுந்தது. ஊர் முழுக்கக் கைதட்டல். புழுதி அடங்கியது. புகைபோக்கி நின்றுகொண்டிருந்தது.

லேசாகத் தலையைச் சாய்த்து, யாரோ கூப்பிட்டமாதிரி நின்றது. அவ்வளவுதான். பாதி வெடி வெடிக்கவில்லையாம். பக்கத்தில் யாரும் போகக்கூடாது, எப்போது விழும் என்று சொல்லமுடியாது, விழாமலும் போகலாம் என்று வெடிவைத்த பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள். மாடியிலிருந்த ஜனம் சிரித்தது, பிறகு இறங்கிப்போக ஆரம்பித்தது. மற்ற டிவிக்காரர்கள் கம்பியைச் சுருட்டினார்கள்.

நிலையத்துப் பெரியவர் வேனுக்குப் போன் போட்டார். சங்கு எடுத்து "புஸ்" என்றார். போன் லைவு கைக்கு வந்தது.

"சாருக்குத் தொண்டை போயிடுச்சு சார். நான்தான் பாத்துக்கறேன்."

"நீ யாரு?" என்று அந்தப் பக்கம் அவர் கேட்டிருப்பார் போலிருக்கிறது. "பயிற்சிக்கு வந்த பொண்ணு சார்," என்றாள். பிறகு, "நேரலையை மூட வேணாம் சார். அது சாய்ஞ்சிருக்கு சார். முன்னைவிட இப்ப இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு, நான் படத்துல பாத்துக்கிட்டே இருக்கேன்… பழைய நிகழ்ச்சி எப்ப வேணா போடலாம் சார், இது ஒரே தடவைதான் விழும்… விழலேன்னா? விழலேன்னா நாளையிலேர்ந்து நான் வரல சார். வேற யாரையாவது வச்சுக்குங்க."

"அடிப்பாவி! கல்லா நாற்காலியில உக்கார அவ்வளவு ஆசையா?" என்று கத்திவிட்டேன். என் ஹெட்போனில் மைக் திறந்திருப்பது எனக்குத் தெரியாது.

"யாருய்யா அது லைன்ல?" என்றான் ஒரு கேமராக்காரன்.

"ஜெனரேட்டர்," என்றாள் லைவு. "கண்டுக்காதீங்க."

பெரியவர் கொஞ்ச நேரம் கொடுத்தார். அந்த நேரத்தை நிரப்பவேண்டுமே! களத்தில் நின்று பேசுகிறவர் ஒரு கோட்டுப் போட்டவர். அவர் புகைபோக்கியின் உயரத்தைச் சொன்னார். ஆலையின் கதையைச் சொன்னார். மறுபடி உயரத்தைச் சொன்னார். காக்காய்கள் திரும்பி வந்து புகைபோக்கியின் உச்சியில் உட்கார்ந்தன, அதைச் சொன்னார். கடைசியில் "நிற்கிறது… இன்னும் நிற்கிறது… தொடர்ந்து நின்றுகொண்டே இருக்கிறது" என்று அழுகிற குரலுக்கு வந்துவிட்டார்.

"ரெண்டு, பக்கத்துல பேட்டி எடுக்க யாராவது இருக்காங்களா?" என்றாள் லைவு.

"எல்லாரும் போயிட்டாங்க. ஜெனரேட்டர்காரர் மட்டும் நிக்கிறாரு."



"நல்லாப் பாருங்க. வேற யாருமே இல்லையா?"

"இல்லம்மா."

"சரி, தொலையட்டும். ரெண்டு ரெடி. ரெண்டு போடு."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நான் முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டேன். கோட்டுக்காரர் மைக்கை நீட்டினார்.

"ஐயா, இது ஏன் விழலேன்னு நினைக்கிறீங்க?"

"கட்டினவன் ஒழுங்காக் கட்டியிருக்கான். வெடிவச்சவன்தான் சரியில்ல."

"எப்ப விழும்?"

"அதை அதுகிட்டத்தான் கேக்கணும்." கடையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமனாரும் வாடிக்கையாளர்களும் இதற்குச் சத்தம்போட்டுச் சிரித்தார்களாம். எனக்குத் தைரியம் வந்தது. தொண்டையைச் செருமினேன். "ஒரு விஷயம் சொல்லணும். இதையெல்லாம் உங்களுக்கு இப்ப உக்காந்து காட்டுறது யாருன்னு தெரியுமா? என் மச்—"

"காக்கா எந்திரிக்குது! மூணு போடு!" என்றது காதில்.

அவ்வளவுதான், நான் போய்விட்டேன். மூன்றாவது கேமரா தூரத்திலிருந்து மொத்தத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் உச்சியிலிருந்த காக்காய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. அதைப் பார்த்துத்தான் மாற்றினாள். புகைபோக்கி இன்னும் அசையக்கூட இல்லை. சும்மா பறந்த காக்காயாக இருந்திருந்தால் வெறும் கம்பத்தைக் காட்டிக்கொண்டு அவள் வேலை போயிருக்கும். அடுத்த மூச்சில் "ஒண்ணு, அடியைப் பிடி, ஒண்ணு போடு!" என்றாள். முழங்கால் மடங்குகிற மாதிரி அடி மடங்கியது, இடுப்பு உட்கார்ந்தது, தலை கடைசியாக, அவசரமில்லாமல் வந்தது. முதல் செங்கல்லிலிருந்து கடைசிச் செங்கல் வரை அது விழுந்த படம் அந்த நிலையத்திடம் மட்டும்தான் இருக்கிறது.

"யாரும் கையை ஆட்டாதீங்க. பேசாதீங்க. தூசி வரட்டும்," என்றாள். தூசி வந்து எல்லாக் கேமராவையும் மூடியது. அதற்குப்பிறகு ஹெட்போனில் ஒரே கூச்சல். கேமராக்காரர்கள் ஊளையிட்டார்கள். சங்கு புஸ் புஸ் என்று அழுதார், இல்லை சிரித்தார். லைவு வேனிலிருந்து குதித்து ஓடிவந்தாள். ஸ்டார்ட் பண்ணும்போது என் மெஷின் உதறுமே, அந்த உதறல். யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் என் லாரியின் பானெட்டைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து, சூடு பட்டு அலறினாள்.

"பாத்தீங்களா மாமா? எப்படி விழுந்துச்சு பாத்தீங்களா?"

"எங்கடி பாத்தேன்? கேமராவைப் பாத்துக்கிட்டு நின்னேன். அது எனக்குப் பின்னாடில்ல விழுந்துச்சு!"

அவள் தரையில் உட்கார்ந்து புழுதியில் உருண்டு சிரித்தாள். பெரியவரின் போன் வந்தபோது எழுந்திருக்க முடியாமல் படுத்துக்கொண்டே வேலையை வாங்கினாள். மாமனார் அன்றே சுழல் நாற்காலியின் உறையைப் பிரித்துத் தானே அதில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் அவள் கால்பந்து, வாக்கு எண்ணிக்கை, ராக்கெட் ஏவுகிறது என்று என்னென்னமோ காட்டிவிட்டாள். அந்த நிலையத்தில் எல்லா இயக்குநரும் இப்போது "போடு" என்றுதான் சொல்கிறார்களாம். எதனால் என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். கூடப் படித்ததுகளும் பிழைத்துக்கொண்டன. கைஜாடைக்காரி பெரிய பெரிய பாட்டுக் கச்சேரி மேடைகளை ஓட்டுகிறாள். கல்யாணமும் பண்ணிக்கொண்டாள், வாய் திறந்து சம்மதம் சொன்னாளா என்று எனக்குச் சந்தேகம். ஒருத்தன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனைப் படம்பிடித்து டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்குக் காட்டுகிறான். இன்னொருத்தி காது கேட்காதவர்களுக்காகப் பேச்சை எழுத்தாக்கித் திரைக்கு அடியில் ஓடவிடுகிறாள். குறட்டைத் திருடன் பொம்மைப் படங்களுக்குச் சத்தம் போடுகிறான். எங்கேயாவது கரடி தூங்கினால் என் மகள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

இதில் யாரும் எதிர்பார்க்காதது மாமனார்தான். கடையில் பெரிய டிவி வாங்கி மாட்டிவிட்டார். மகள் காட்டுகிற நேரலை ஒன்றுகூட விடமாட்டார். பார்ப்பதோடு நின்றால் பரவாயில்லை. நடுவில் மகளுக்குப் போன் போடுகிறார். "அந்த ஓரத்துல ஒருத்தன் கொடி வச்சிருக்கான், அவனைக் காட்டும்மா." "அந்தக் கோல்கீப்பர் மூஞ்சிய இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு." ஒரு தடவை வீட்டில் யாருக்கோ உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி, ஆட்டத்தின் நடுவில் போனை எடுத்துவிட்டாள். "அந்த மைதானத்துக் கேட்டுல போட்டிருக்கிற தாழ்ப்பாள் நம்ம கடைச் சரக்கும்மா, ஒரு தடவை காட்டிடு," என்றிருக்கிறார். காட்டியும் தொலைத்தாள். நானே பார்த்தேன்.

நேற்று எனக்குப் போன் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை படகுப்போட்டி, பல நாட்டுக்கும் போகிற ஒளிபரப்பு, அவளுக்குக் கீழே இதுவரை இல்லாத அளவுக்குக் கேமராக்கள்.

"மாமா, ஒரே ஒரு உதவி. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கடைக்குப் போயி, அப்பா கையில இருக்கிற போனை வாங்கி உங்க பையில போட்டுக்குங்க."

"கேட்டா என்னடி சொல்றது?"

"எதையாவது சொல்லுங்க. சண்டை போட்டாலும் குடுக்காதீங்க. ஆனா முடிஞ்ச உடனே குடுத்துடணும் மாமா, மறந்துடாதீங்க. எது நல்லாருந்துச்சு, எது நல்லால்லன்னு எனக்கு மொதல்ல அவருதான் சொல்லணும்."